ஐந்து நாற்காலிகளுக்கு ஒரு வலி

சிதம்பரநாதன் வலியில் முனகிக்கொண்டிருந்தார். அவருடைய நாற்காலியிலிருந்து சுவருக்குச் செல்ல வேண்டிய கம்பி, சுவரை விட்டுக் கழன்று, அவர் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

பியூலா கம்பியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பாளையங்கோட்டையில் இருந்த அந்த மருத்துவமனையின் கணினி வலையமைப்பு முழுவதும் அவள் பொறுப்பு. ஏழாம் கட்டிலின் இணைப்புகளில் ஒன்று அறுந்துவிட்டதாகக் காலையில் அவளுடைய திரையில் எச்சரிக்கை வந்திருந்தது. அதைச் சரிசெய்யத்தான் வந்திருந்தாள்.

“பாத்துப் பண்ணும்மா, நாற்காலியை அசைச்சிராத,” என்றார் சிதம்பரநாதன், பற்களைக் கடித்தபடி. “இன்னைக்கு நம்ம பங்கு கொஞ்சம் கூடுதலாவே இருக்கு.”

“எப்ப இருந்து அண்ணாச்சி இப்படி?”

“உக்காந்ததுல இருந்தே. எங்க அக்கா வலியில்லா? லேசுல விடுமா?”

பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். “இவுகளுக்கு எல்லாமே கூடத்தான். எனக்கு வலிக்காமலா இருக்கு? நான் வாயைத் தொறக்கேனா?”

பியூலா குனிந்து கம்பியைச் சுவரில் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. சிதம்பரநாதனின் முனகல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

நரம்பை மீண்டும் வளர்க்கும் மருத்துவம் நடைமுறைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நசுங்கிய நரம்பு வளரும்போது வலிக்கும்; அந்த வலியை விழித்திருக்கும் மூளை ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்தால் மரக்கச் செய்தால், கேட்பார் இல்லையென்று கண்டு அழுகையை நிறுத்தும் குழந்தையைப் போல, நரம்பு வளர்வதை நிறுத்திவிடும். வாங்கும் மூளை நோயாளியுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று யாரோ கண்டறிந்த நாளில், தமிழ்நாட்டின் உறவுமுறை முழுவதும் மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டது.

பகலில் உறவினர்கள் கழுத்தில் பட்டை அணிந்து, வெளியறையில் அமர்ந்து, வலியைப் பகிர்ந்துகொள்வார்கள். இரவின் வலி நோயாளிக்கே உரியது. பகலையும் சேர்த்துச் சுமந்தால் இதயம் தாங்காது. இதற்குப் ‘பங்கு உட்காருதல்’ என்று பெயர் வந்தது. யார் வீட்டுக்கு யார் உட்கார்ந்தார், யார் சர்க்கரை நோயைச் சாக்குச் சொல்லி நழுவினார் என்பதெல்லாம் கல்யாணப் பந்தல்களில் பேசப்பட்டன. விருந்துக்கு வராதவரை மன்னித்தவர்கள்கூடப் பங்குக்கு வராதவரை மன்னிப்பதில்லை. யாரும் வகுக்காமலேயே நாற்காலிகளுக்கு ஒரு முறையும் ஏற்பட்டிருந்தது. முதல் நாற்காலி கணவனுக்கு அல்லது மனைவிக்கு. நோயாளி பெண்ணாக இருந்தால், கடைசி நாற்காலி நாத்தனாருக்கு. தாலியில் மூன்றாம் முடிச்சைப் போட்டவள் என்ற உரிமையில்.

ஏழாம் கட்டிலில் இருந்தவள் சங்கரவடிவு. அரசுப் பேருந்தில் நடத்துநர். படியில் நின்றவர்களை உள்ளே ஏற்றிவிடக் கீழே இறங்கியவளின் இடது காலை, பின்னால் வந்த லாரி நசுக்கிவிட்டது. முதல் நாற்காலியில் அவள் கணவர் ஆவுடையப்பன். அடுத்த இரண்டிலும் அவள் தம்பி சிதம்பரநாதனும் அவர் மனைவியும். நான்காவதில் ஒன்றுவிட்ட மாமா ஒருவர். அவர் வலியைப் பொருட்படுத்தாமல் உறங்கிவிடுவார். அவருடைய மனவலிமையை மற்றவர்கள் வியந்து பேசிக்கொண்டார்கள். ஐந்தாவதில் ஆவுடையப்பனின் தங்கை பகவதி.

இத்தனை பேரையும் கட்டிலோடு இணைத்தது ஒரு ஸ்விட்ச். அதில் வரிசையாகக் கம்பி செருகும் வாய்கள். அவற்றுக்குப் போர்ட் என்று பெயர். ஒரு கட்டிலின் போர்ட்டுகளை ஒரு குழுவாகப் பிரித்து வைப்பது பியூலாவின் முதல் வேலை. இல்லாவிட்டால் ஒரு குடும்பத்தின் வலி அடுத்த குடும்பத்தின் மடியில் போய் விழும். குழுவின் ஐந்து கம்பிகளையும் திரட்டி ஒரே பாதைபோலக் கட்டுவது இரண்டாம் வேலை. ஒன்று அறுந்தாலும் மற்றவை சுமக்கும். இரண்டையும் அவள் குறைவறச் செய்திருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன், சங்கரவடிவின் சிகிச்சை தொடங்கிய அன்று, அந்தக் கட்டிலுக்கு வலியை எடுத்தனுப்பும் புதுவகைக் கால்பட்டை வந்தபோதும், ஐந்து பச்சை விளக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

விளக்கு எரிந்தால் கம்பி உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதில் ஏதாவது போகிறது என்று பொருளில்லை.

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். இதுவரை பார்த்ததெல்லாம் குழுவின் கூட்டுத்தொகை. அது எப்போதும் சரியாகவே இருந்தது. இப்போது ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனியே பார்த்தாள். முதல் போர்ட்டில் ஒன்றும் போகவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றும் நான்கும் அப்படியே. ஐந்தாவதில் மட்டும் எண்கள் மழைத்தாரைபோல் ஓடிக்கொண்டிருந்தன.

பியூலா தலையை நிமிர்த்தினாள்.

பகவதி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பை வலது கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தும் அவளுடைய மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

“உங்களுக்கு எப்படி இருக்குக்கா?”

“எனக்கென்ன? எறும்பு கடிச்ச மாதிரி.”

“தங்கச்சி கல்லுல்லா,” என்றார் ஆவுடையப்பன், பெருமையும் வருத்தமும் கலந்த குரலில். “எனக்குத்தான் கொஞ்சம் சுருக்குங்குது.”

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்லிவிட முடியாது. வலிக்க வேண்டும் என்று வந்து அமர்ந்தவர்களுக்கு வலித்தது, அவ்வளவுதான். முழு வலியையும் வாங்கியவள் ஒருத்தி இருந்தாள். அவள் மட்டும்தான் பொய் சொன்னாள்.

மதிய இடைவேளையில் பகவதி யாரோடும் சேராமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். மடியில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தது. நூலை அவிழ்க்க இரண்டு முறை முயன்று விட்டுவிட்டாள். பியூலா வாங்கிப் பிரித்துக் கொடுத்து, அவளருகே அமர்ந்தாள்.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்க. ரொம்ப வலிக்கோ?”

பகவதி படியின் மேலும் கீழும் பார்த்தாள். “யார்ட்டயும் சொல்லிராத பிள்ள. எம் மகனைப் பெத்தப்பகூட இப்படி இல்ல. கணுக்கால்ல இருந்து ஏறுது பாரு, ரம்பத்தை வச்சு அறுக்க மாதிரி. சிதம்பரநாதன் அத்தான் முனகவாவது செய்யுதாரு. எங்க அண்ணன் சுருக்குங்குதுங்கான். அந்த மாமா தூங்குதாரு பிள்ள, தூங்குதாரு! எல்லாருக்கும் ஒரே பங்குதானே? எனக்குத்தான் பூஞ்சை ஒடம்பு. மூணாம் முடிச்சு போட்டவ கூப்பாடு போட்டுட்டு எந்திரிச்சுப் போனான்னு சொல்ல விடலாமா?”

“அப்படி ஒண்ணும் கட்டாயம் இல்லியேக்கா. எந்திரிச்சுப் போயிருக்கலாமே.”

“முதல் நாளே போயிருப்பேன்.” பகவதி ஒரு வாய்ச் சோற்றை எடுத்தாள், உண்ணாமல் மீண்டும் பொட்டலத்திலேயே வைத்தாள். “எனக்கும் மதினிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எங்க அம்மா செத்தப்ப நான் சென்னையில இருந்தேன். பஸ் ஏறிட்டேன், வந்துட்டே இருக்கேன்னு போன்ல சொன்னேன். நான் வாரதுக்குள்ள தூக்கிட்டாங்க. அம்மா முகத்தைப் பாக்கல. முன்ன நின்னு எல்லாத்தையும் நடத்துனது மதினி. அவ நல்லா இருக்கக் கூடாதுன்னு கோயில்ல நின்னு கேட்டிருக்கேன். மறைக்க என்ன இருக்கு? இப்ப அண்ணன் கூப்பிட்டான், நாத்தனா நாற்காலி காலியா கெடக்கு, ஊர் சிரிக்கும்னான். ஒரு நாள் முறைக்கு உக்காந்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன்.”

“பொறவு?”

“அஞ்சுல ஒரு பங்கே இம்புட்டுன்னா, ராத்திரி அவ ஒத்தையில கெடந்து முழுசையும் தாங்குதாளே. இதைப் போல அஞ்சு மடங்கு! வீட்டுல போய்ப் படுத்தா அந்த நெனப்புதான். எனக்குத் தூக்கமே இல்ல. எந்தப் பாவிக்கும் அப்படி வரப்படாது. இதுக்கு மேலயும் நான் எதுக்குக் கோவத்தைக் கட்டிச் சொமக்க?”

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் பியூலா வந்திருந்தாள். வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். இந்தப் பெண்ணின் இரக்கம் ஒரு தவறான கணக்கின்மேல் நின்றது; தவறு பியூலாவுடையது. கணக்கைத் திருத்தினால் இரக்கமும் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுமோ என்று அவளுக்குத் தோன்றியது. சாப்பிடுங்கக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

சிகிச்சைக்குப் பொறுப்பான டாக்டர் தணிகாசலம் அவள் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, “அஞ்சு கம்பியையும் ஒண்ணாத்தானே கட்டியிருக்கீங்க?” என்றார்.

“கட்டியிருக்கு டாக்டர். ஆனா எதை எந்தக் கம்பியில விடணும்னு ஸ்விட்ச் முகவரியைப் பாத்துத்தான் முடிவு பண்ணும். ஒரு முகவரியில இருந்து வாரது எப்பவும் ஒரே கம்பியிலதான் போகும். பழைய கால்பட்டையில நிறைய முனை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு முகவரி. அதனால தானாவே பரவிருச்சு. புதுப் பட்டை எல்லாத்தையும் ஒரே முகவரியில அனுப்புது. பந்தியில அஞ்சு பேர் இலை போட்டு உக்காந்திருக்காங்க. பரிமாறுதவர் ஒரே இலையில கொட்டிட்டே இருந்திருக்காரு. அந்த முறையை நான் மாத்தியிருக்கணும். மாத்தல.”

“நரம்பு நல்லா வளந்திருக்கே.”

“வளரும் டாக்டர். மொத்தம் சரியாத்தான் போயிருக்கு.”

“எனக்கு வேண்டியது மொத்தம்தான்.” சொன்ன பிறகு அந்தச் சொற்கள் அவருக்கே பிடிக்கவில்லை போலும்; கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னும் ஒரு வாரம் இருக்கு. இப்பப் போய்ச் சொன்னா அந்தம்மா என்ன செய்வாங்க? ஏற்கெனவே அந்த வீட்டு மேல கோபமா இருக்கறவங்க. எழுந்து போயிட்டா, நிஜ வலின்னா என்னன்னே தெரியாத நாலு பேர் மிஞ்சுவாங்க. அவங்களும் பயந்து எழுந்துட்டா கால் போயிடும். சரி பண்ணுங்க. சொல்ல வேண்டாம்.”

“சரி பண்ணுதேன்,” என்றாள் பியூலா. இரண்டாவதைப் பற்றி அவள் வாக்குக் கொடுக்கவில்லை.

மாலை அமர்வு நடந்துகொண்டிருக்கும்போதே அவள் வெளியறையின் மூலையில் அமர்ந்து வேலையை முடித்தாள். முகவரியைப் பார்க்க வேண்டாம். வருவதைத் துணுக்குத் துணுக்காக, முறைவைத்து, ஐவருக்கும் கொடு. துணுக்குகள் வரிசை கலைந்தால் நரம்பு குழம்பிவிடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட வைத்தாள். அமர்வு முடிந்ததும் பகவதியைத் தனியே அழைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துகொண்டாள்.

புது முறை ஓடத் தொடங்கியதும் முதலில் மாமா விழித்துக்கொண்டார். “எவம்லே அது?” என்று கேட்டு, தன் காலைக் குனிந்து பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஆவுடையப்பன் “வடிவு” என்று மனைவியின் பெயரை மெல்லச் சொன்னார். சொன்னவரின் கண்கள் நிறைந்தன. சிதம்பரநாதனின் முனகல் நின்றுவிட்டது. இத்தனை நாளும் ஓயாத மனிதர், நாற்காலியின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டு, வாய் பேசாமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவரைக் கவலையோடு பார்த்தாள். பார்த்துக்கொண்டே தன் வாயையும் பொத்திக்கொண்டாள்.

பகவதியின் விரல்கள் தளர்ந்தன. சேலைத் தலைப்பு நழுவியது. அவள் ஆறுதலடைவாள் என்றுதான் பியூலா எதிர்பார்த்திருந்தாள். பகவதியின் முகத்தில் ரத்தம் வற்றியது.

“ஏம்மா, கொறையுது,” என்றாள். “ஏ பிள்ள, வலி கொறையுது! ஒண்ணுமே இல்லாமப் போகுது!”

“அக்கா, உக்காருங்க. அது வந்து—”

“மதினிக்கு என்னமோ ஆயிட்டு!”

பட்டையைக் கழுத்திலிருந்து பிய்த்தெறிந்தாள். இத்தனை நாளும் கண்ணெடுத்தும் பாராத, மதினியின் அறைக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். “மதினீ! ஏ மதினி!”

பின்னால் நான்கு நாற்காலிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஓலம் எழுந்தது. ஒரு கம்பி விலகினால் அதன் சுமையை மற்றவற்றுக்குப் பங்கிடுவது ஸ்விட்சின் கடமை. அது தன் கடமையைத் தாமதமின்றிச் செய்தது.

பியூலா உள்ளே சென்றபோது பகவதி கட்டிலருகே நின்று, சங்கரவடிவின் கன்னத்தையும் கழுத்தையும் நெஞ்சையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் விழித்துப் பகலில் உறங்கும் சங்கரவடிவு மெல்லக் கண் திறந்தாள். யாரென்று அறிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

“பகவதியா?”

“உசிரோட இருக்கியா மதினி?”

“இல்லாம? எதுக்குட்டி இப்படி ஓடியாரே? பஸ்ஸா கெளம்பிட்டு?”

பகவதி சிரிக்க முயன்றாள். முடியாமல் கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சங்கரவடிவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊசி குத்தாத கையை எடுத்து அவள் தலைமேல் வைத்தாள்; வைக்கலாமா என்று தயங்கியது போலிருந்தது, பிறகு வைத்தாள்.

இனிக் காத்திருக்க முடியாது என்று பியூலாவுக்குத் தெரிந்தது. நின்றபடியே சொன்னாள். பட்டை மாறியதைச் சொன்னாள். ஐந்து கம்பிகளில் ஒன்று மட்டும் சுமந்ததைச் சொன்னாள். பந்தியையும் இலையையும் சொன்னாள். “தப்பு என்னோடது. விளக்கு எரியுதான்னு மட்டும் பாத்தேன். இந்த ரெண்டு வாரமும் மொத்த வலியும் உங்களுக்கு மட்டும்தான்க்கா வந்திருக்கு. மத்தவங்களுக்கு ஒண்ணும் வரல.”

முதலில் பேசியவள் சங்கரவடிவு. “முழுசும் இவளுக்கா?”

“ஆமாம்மா.”

“உன் நாத்தனா எறும்புக்கடிங்கான்னு உங்க அண்ணன் வந்து சொன்னாக.” அவள் பகவதியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினாள். “அவளுக்கென்ன, என் வலி அவளுக்கு எறும்புக்கடிதானேன்னு நெனச்சுக்கிட்டேன்.”

பகவதி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் சினம் வரும் என்று பியூலா காத்திருந்தாள். வந்திருந்தால் அது நியாயமாகவும் இருந்திருக்கும். ஆனால், பகவதி வேறேதோ கணக்கில் இருந்தாள்.

“இரு பிள்ள. அப்ப நான் தாங்குனதுதான் மொத்தமுமா?”

“ஆமாக்கா.”

“ராத்திரி மதினிக்கு வாரதும் அம்புட்டுத்தானா? அதுக்கு மேல கிடையாதா?”

“கிடையாது.”

“அஞ்சு மடங்கு இல்லியா?”

“இல்லக்கா. நீங்க தாங்குன அதே அளவுதான்.”

பகவதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளியேறியது. “அப்பாடா,” என்றாள். “அம்புட்டுத்தானா? இது தெரியாம ராத்திரி பூரா நான் பட்ட பாடு! மதினி, கேட்டியா? அம்புட்டுத்தானாம். அது எனக்குத் தெரிஞ்ச வலிதான். தாங்கிரலாம். நானே தாங்கிட்டேன் பாத்துக்கோ.”

பியூலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுருங்கும் என்று அவள் அஞ்சியது சுருங்கவில்லை. வலிகளை ஐந்தாகவும் பத்தாகவும் பங்கிடத் தெரிந்த அவளுக்கு இது மட்டும் விளங்கவில்லை.

சங்கரவடிவு கூரையிலிருந்து பார்வையை இறக்கிப் பகவதியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “அன்னைக்கு உனக்காகக் காத்திருக்கணும்னு நான் சொல்லியிருக்கலாம். சொன்னா கேட்டிருப்பாங்க. எல்லாரும் வெயிலு வெயிலுன்னாங்க. நானும் பேசாம இருந்துட்டேன்.”

பகவதி அதற்குப் பரவாயில்லை என்று சொல்லவில்லை. “தெரியும்,” என்றாள். சற்றுக் கழித்து, “அம்மா முகம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

சங்கரவடிவு பதில் சொல்லத் தொடங்குமுன் வெளியறையிலிருந்து சிதம்பரநாதனின் குரல் கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது. “ஏ பகவதீ! எங்க போயிட்ட? நாலு பேரால முடியல! ஓடியா!”

பகவதி கண்களைத் துடைத்துக்கொண்டு, தரையில் கையூன்றி எழுந்தாள். “போறேன் மதினி. பாவம், அவங்களுக்குப் பழக்கமில்ல.”

சங்கரவடிவு அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

“ஏட்டி, உக்காரு. அவுக கொஞ்ச நேரம் தாங்கட்டும்.”

பகவதி உட்கார்ந்தாள். பியூலா வெளியே வந்து, ஓசைப்படாமல் கதவைச் சாத்தினாள். பிறகு, ஐந்தாம் நாற்காலியில் போய் அமர்ந்து, பட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.